பின்னால் வந்த பதில்

அன்று அந்தப் பாதையில் நடந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி, சரக்கு ரயிலில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், வீட்டிலும் வெளியிலும் அவனுக்குக் கார்டு என்றே பெயர். அவன் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள், எங்களுக்கெல்லாம் டீச்சர். எங்கள் கடைசித் தங்கை. மருந்துக்கடையில் வேலை, பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, கடைக்குட்டிதான். அவள் கணவர், லாரி மெக்கானிக், எங்கள் வீட்டு மாப்பிள்ளை.

நான் போகவில்லை. ஆனால் அவர்கள் திரும்பி வந்ததும் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போடவில்லை. நால்வர் சொன்னதும் பொருந்தி வந்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் கதை கட்டிச் சொல்லி வளர்ந்தவர்கள் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கார்டு வேலைக்குப் போன நாளில் தொடங்கியது. ஒரு ரயில் கடந்து போகும்போது அதன் கடைசிப் பெட்டியில் விளக்கு தெரிய வேண்டும். தெரிந்தால் ரயில் முழுசாக வந்துவிட்டது. தெரியாவிட்டால், எங்கோ பாதிப் பெட்டிகள் கழன்று நிற்கின்றன. அதனால் எங்கள் வீட்டார் எங்கே வரிசையாக நடந்தாலும் முன்னால் போகிறவர் “கடைசி?” என்பார். கடைசியில் வருகிறவர் “இருக்கேன்” என்பார். அந்தப் பதில் வந்தால் போதும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எத்தனையோ சந்தைக்கூட்டத்தில் ஒரு குழந்தையைக்கூட நாங்கள் தொலைத்ததில்லை.

அவர்கள் போனது ஒரு பெரிய வனப்பூங்கா. அரசாங்கத்துடையது. நடுவில் ஏரி, சுற்றிலும் மலை, கரையோரம் கூடாரம் போட எண் எழுதிய இடங்கள். வாசலில் இருந்த பெண் ஆளுக்கொரு விசில் கொடுத்தாள்.

“பனி இறங்கினா இதை ஊதுங்க சார். குரல் மட்டும் குடுக்காதீங்க.”

“முப்பது வருஷம் ஊதின வாய்மா இது. இப்பதான் ஓய்வு குடுத்திருக்கேன்,” என்றான் கார்டு. “என் குரலுக்கு என்ன குறைச்சல்?”

“குரல் வேண்டாம் சார்,” என்றாள் அவள் மறுபடியும். காரணம் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. நான்கு விசிலும் கூடாரத்துக்கு முன்னால் இருந்த மரமேசை மேல் போய்ச் சேர்ந்தன.

கூடாரம் கட்டி முடித்த பிறகுதான் அடுப்புக்கு கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று தெரிந்தது. எடுத்து வைத்திருக்க வேண்டியவர் மாப்பிள்ளை.

“நட்டு போல்ட்டெல்லாம் துடைச்சுத் துடைச்சு எடுத்து வைக்கிற மனுஷன், அடுப்பு எதுல எரியும்னு நினைச்சாரோ தெரியலையே!” என்றாள் கடைக்குட்டி, எல்லார் முன்னாலும்.

“விடுடி,” என்றாள் டீச்சர்.

“மூஞ்சியப் பாருங்க அண்ணி. காத்து போன டயர் மாதிரி.”

மாப்பிள்ளை அடுப்பை மடக்கிப் பைக்குள் வைத்தார். அவள் வந்து பேசும்வரை தானாகப் பேசுவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் வீம்பு அதிகம்.

மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். மலைமேல் ஒரு பாறை, அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுசும் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மறுபக்கமாக இறங்கி, ஒரு மரப்பாலத்தைக் கடந்து கூடாரத்துக்கு வந்துவிடலாம். முன்னால் கார்டு. அடுத்து டீச்சர். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை. கடைசியில் கடைக்குட்டி.

“கடைசி?”

“இருக்கேன்! கடைசிப் பெட்டி காலியாத்தான் வருது, சாப்பாடு போடுங்க!”

“கடைசி?”

“இருக்கேன்! எஞ்சினுக்கு மூச்சு வாங்குதே, தள்ளிவிடட்டுமா?”

ஏறும்போது இப்படித்தான் வந்தாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

பாறைமேல் நின்று ஏரியைப் பார்த்தார்கள். இறங்கத் தொடங்கியபோது மூன்றே முக்கால் இருக்கும். கடைக்குட்டி குனிந்தாள்.

“நாடா அவிழ்ந்துடுச்சு. நடந்துக்கிட்டே இருங்க, வந்துடறேன்.”

இதைச் சொன்னது மாப்பிள்ளையிடம்தான். முதல் பேச்சு அவளிடமிருந்து வந்துவிட்டது. அவர் நின்றிருக்கலாம். ‘இதெல்லாம் ஒரு பேச்சா’ என்று நினைத்து நடந்தார்.

அடுத்த வளைவில் பனி வந்தது. ஏரியிலிருந்து மேலே ஏறி வந்தது. பத்தடிக்கு முன்னால் டீச்சரின் சிவப்பு ஸ்வெட்டர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

“கடைசி?” என்று கார்டு குரல் கொடுத்தான்.

கொஞ்சம் தாமதம்.

“இருக்கேன்.”

மாப்பிள்ளைக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து சேர்ந்துகொண்டது. நாடாவைக் கட்டிவிட்டு ஓடி வந்துவிட்டாள் என்று நினைத்தார். ஆனால் மூச்சிரைப்பு கேட்கவில்லை.

“கடைசி?”

“இருக்கேன்.”

கேலி இல்லை. சிரிப்பு இல்லை. கோபம் அவளுக்கும் திரும்பிவிட்டது போல, என்று நினைத்தார். கழுத்தைத் திருப்பவில்லை.

பாதை முழுக்கக் காய்ந்த சருகு. அவர் காலடியில் அது நொறுங்கியது. பின்னால் வந்த காலடியில் நொறுங்கவில்லை. சதக்… சதக்… என்றது. தண்ணீர் நிரம்பிய செருப்போடு நடப்பது போல.

இறக்கத்தில் தாகம் எடுத்தது. பாட்டிலைத் திறந்து பாதி குடித்தார். மனசு கேட்கவில்லை. சமாதானம் செய்துகொள்ள இது ஒரு வழி என்று தோன்றியது. திரும்பாமலே பாட்டிலைத் தோளுக்குப் பின்னால் நீட்டினார்.

“இந்தா.”

ஒரு கை வாங்கிக்கொண்டது. விரல்கள் பட்டன. குளிர்ந்திருந்தன. பனிதானே, என்று நினைத்தார்.

கொஞ்ச தூரம் போனதும் பாட்டில் அவர் தோளை இடித்தது. வாங்கினார். கனத்தது. மறுபடி தாகம்… மூடியைத் திறந்து வாயில் வைத்தார்.

சேறு.

துப்பிவிட்டுப் பாட்டிலைப் பார்த்தார். வாய்வரை நிரம்பியிருந்தது. கலங்கலான தண்ணீர். அதில் பச்சையாக ஏதோ மிதந்தது.

வழியில் எங்கேயும் தண்ணீர் இல்லை.

திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று நான் கேட்டேன். “முடியலை மச்சான்,” என்றார். “கழுத்து என் பேச்சைக் கேக்கலை. ஓடவும் முடியலை. குரலும் வரலை. நடக்கிறது மட்டும்தான் முடிஞ்சுது.”

“இருக்கேன்.”

கார்டு கூப்பிடவே இல்லை.

முன்னால் டீச்சர் நின்றுவிட்டாள். “என்னங்க… நீங்க இப்போ கூப்பிட்டீங்களா?”

“இல்லையே,” என்றான் கார்டு. அவன் குரல் இறங்கியிருந்தது. “நடங்க. நிக்காதீங்க.”

“இருக்கேன்.”

யாரும் கேட்கவில்லை.

“இருக்கேன்… இருக்கேன்.”

பாலம் வந்தது. பழைய மரப்பலகைகள். கார்டு ஏறினான். தட், தட், தட். டீச்சர் ஏறினாள். தட், தட். மாப்பிள்ளை ஏறினார்.

அவருக்குப் பின்னால் பலகை சத்தம் போடவில்லை.

சதக், சதக்கும் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவர் கழுத்து திரும்பியது.

வெறும் பாதை. பனி. யாரும் இல்லை.

“மச்சான்… அவ இல்லை.”

கார்டு ஓடி வந்தான். பாதையைப் பார்த்து, தொண்டை கிழிய, “கடைசி?” என்றான்.

“இருக்கேன்.”

பாதையிலிருந்து வரவில்லை.

பாலத்தின் மேல். மாப்பிள்ளைக்கும் டீச்சருக்கும் நடுவில். அந்த வெற்றிடத்திலிருந்து வந்தது.

கூடாரம் வரை எப்படி வந்தார்கள் என்று மூவருக்கும் தெரியாது. சத்தம் கேட்டு வனக்காவலர் வந்தபோது மாப்பிள்ளை கரையில் நின்று மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நாங்கள் கேட்டதில்லை. கத்தக் கத்தப் பதில் வந்தது. மலையிலிருந்து “இருக்கேன்.” ஏரி நடுவிலிருந்து “இருக்கேன்.” பாலத்துக்கு அடியிலிருந்து “இருக்கேன்.” எல்லாமே அவள் குரல். எதை நோக்கி ஓடுவது?

வனக்காவலர் அவர் வாயைக் கையால் பொத்தினார்.

“கூப்பிடாதீங்க சார். தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க. விசில் இருந்தா ஊதுங்க.”

“படகு எடுங்க. லைட்டு எடுங்க. ஏதாவது செய்யுங்க!”

“பனி விலகாம படகு எடுத்தா இன்னொரு ஆளையும் தேட வேண்டியிருக்கும்.”

“அப்போ நான் என்ன செய்யட்டும்?”

“உக்காருங்க.”

எந்த வண்டி எங்கே நின்றாலும், எதைக் கழற்றி எதை முடுக்கினால் ஓடும் என்று தெரிந்த மனிதர். இங்கே கை வைக்க ஓர் இடம் இல்லை. மேசை மேல் கிடந்த விசிலை எடுத்து ஊதினார். அவளிடம் திருப்பி ஊத விசில் இல்லை. அவளுடையதும் அதே மேசை மேல்தான் கிடந்தது. உதடு வெடித்து ரத்தம் வரும்வரை ஊதினார். கார்டு தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள். இருட்டியது. விடியும்வரை பனி அசையவில்லை.

காலை ஆறரைக்கு விலகியது. படகு போனது. மாப்பிள்ளையை ஏற்றிக்கொள்ள மறுத்துவிட்டார்கள். வனக்காவலரின் வாக்கி டாக்கியைப் பார்த்தபடி கரையில் நின்றார்.

ஏழு மணிக்கு அது கரகரத்தது.

“கிடைச்சாச்சு. எதிர்க்கரைப் பாறையில உக்காந்திருக்காங்க. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க.”

வனக்காவலர் பொத்தானை அமுக்கினார். “ஒருத்தங்கதானே?”

கரகரப்பு மட்டும்…

“ரெண்டு பேர். ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்… இருங்க, கிட்டப் போறோம்.”

வெகு நேரம் சத்தமில்லை.

“ஒருத்தங்கதான்.”

கடைக்குட்டி என்னிடம் சொன்னது இது. நாடாவைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது பனி சூழ்ந்திருந்தது. முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. “கடைசி?” என்று அண்ணன் குரல் கேட்டது. “இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே அதன் பின்னால் போனாள். இருட்டியும் அது நிற்கவில்லை. ஏரியைச் சுற்றி எதிர்க்கரைக்கு அழைத்துப்போய், தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றது. “கடைசி?” என்றது.

“நான் வாயத் திறக்கலை அண்ணே. எனக்குப் பின்னாடி இருந்து பதில் வந்துச்சு. என் குரல்லயே.”

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முன்னால் இருந்த முதுகைக் காணவில்லை, பின்னால் இருந்தது அவளை ஒட்டி உட்கார்ந்தது. முதுகில் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தது. விடியும்வரை இவள் திரும்பவில்லை. படகுக்காரர்கள் தூக்கியபோது முன்பக்கம் உலர்ந்திருந்தது, முதுகுப்பக்கம் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. துணியில் பச்சைப் பாசி.

வனக்காவலரிடம் பிறகு நானே போய்க் கேட்டேன். “விசில் குடுக்கிறதுக்குக் காரணம் இருக்கு சார்,” என்றார். சொல்லிவிட்டுப் படகைக் கட்டப் போய்விட்டார்.

உறவில் ஒரு பேச்சு ஓடுகிறது. மாப்பிள்ளை கோபத்தில் பெண்டாட்டியைக் காட்டில் விட்டுவிட்டு வந்தார், ராத்திரி முழுக்க அவள் தனியாகக் கிடந்தாள் என்று. இரண்டும் தவறு. அவர் விட்டுவிட்டு வரவில்லை. அவள் தனியாகவும் இல்லை.