சத்தம் போடாமல் நடந்த ஒரு பர்லாங்

ஆஞ்சப்பன் கன்னத்தில் அறை விழுந்தபோது மணி காலை பத்து நாற்பது. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இடம், அஞ்செட்டி காட்டுக்குள் ஜீப் நின்ற இடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி, ஓடைக்கரை ஒற்றையடிப் பாதை. அடித்தவர் சென்னகிருஷ்ணன், பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கழுத்தில் பைனாகுலர், கையில் பூண் போட்ட பிரம்பு.

"எத்தினி தபா சொல்றது? வாய மூடு!"

ஆஞ்சப்பன் கன்னத்தைத் தடவவில்லை. தரையைப் பார்த்தான்.

அவனுக்கு முப்பத்தாறு வயது. ஏழு வருடமாகத் தற்காலிகக் காட்டுக் காவலாளி. காடு பார்க்க அனுமதிச் சீட்டோடு வருகிறவர்களை நாலரை மைல் சுற்றிக் காட்டி, மாலைக்குள் ஜீப்பில் ஏற்றிவிடுவது அவன் வேலைகளில் ஒன்று. ஏற்றம் அதிகமில்லை, செருப்புப் போட்டவர்களும் நடக்கக்கூடிய பாதை. ஏழு வருடத்தில் அவன் பின்னால் நடந்த ஒருவருக்கும் முள் கீறலுக்கு மேல் ஒன்றும் ஆனதில்லை. அதற்குக் காரணம் அவன் தொண்டை. பாதை திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, கைத்தடியால் பாறையை மூன்று முறை அடித்து, "ஹோ... ஹோய்! வழி வுடு தாயீ!" என்று அடிவயிற்றிலிருந்து கூவுவான். கரடிக்குக் கண் மட்டு. புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும்போது காதும் கேட்காது. ஆள் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும், தெரிந்ததும் பாய்ந்துவிடும். தூரத்திலேயே சத்தம் கேட்டால் விலகிப் போய்விடும். அந்தப் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்களும் விறகு பொறுக்குகிறவர்களும் இப்படித்தான் நடப்பார்கள்.

சென்னகிருஷ்ணன் கடமான் பார்க்க வந்தவர். காலையிலிருந்து இரண்டு முறை மான் தெரிந்தது. இரண்டு முறையும் ஆஞ்சப்பன் கூவியதில் ஓடிப்போயிற்று.

"இவன் நம்மள காடு காட்டக் கூட்டியாந்தானா, கல்யாண ஊர்கோலம் கூட்டியாந்தானா?" என்றான் கூட வந்த கோவிந்தன். அவனும் அதே தொழிற்சாலைக்காரன். "ஒரு மேளத்தையும் கையில குடுத்துருக்கலாம்."

ஜீப் டிரைவர் மெஹபூப் பாஷா தேன்கனிக்கோட்டைக்காரர். சாப்பாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடைசியில் வந்தார். "சார், அவன் வெவரமாத்தான் பண்றான். கரடி சார்."

"பகல்ல என்னய்யா கரடி? நீ கூடையப் பாத்து நட."

அதற்குப் பிறகு வந்த திருப்பத்தில் ஆஞ்சப்பன் மறுபடி கூவினான். அறை விழுந்தது.

அதோடு சென்னகிருஷ்ணன் ஒன்று சொன்னார். "ஆபீஸ்ல நோட்டு வெச்சிருக்காங்க இல்ல? சாயந்தரம் அதுல எழுதறேன் பாரு உன் லட்சணத்த."

அடியைவிட இந்தச் சொல்தான் ஆஞ்சப்பனை அடக்கியது. சரகத்தில் நிரந்தரக் காவலாளி இடம் ஒன்று காலியாக இருந்தது. பார்வையாளர் நோட்டில் யாரும் குறை எழுதாமல் இருந்தால் ஏப்ரல் முதல் தேதி அந்த இடம் உனக்கு என்று ரேஞ்சர் வாயாலேயே சொல்லியிருந்தார். மனைவி முனிலட்சுமிக்கு அவன் இன்னும் அதைச் சொல்லவில்லை. கைக்கு வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தான்.

ஆகவே வாயை மூடிக்கொண்டு நடந்தான். தடியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். ஒரு பர்லாங் தூரம். ஓடை இரைச்சல் காலடிச் சத்தத்தை விழுங்கியது. அடுத்த திருப்பத்துக்கு இருபது அடி முன்னால் பச்சை மண் வாடை அடித்தது. புதிதாகப் பறித்த புற்று. ஆஞ்சப்பன் நின்றான். கூவ வாயைத் திறந்தான். பின்னால் பிரம்பு ஓங்கியது. திறந்த வாயை மூடினான். அவன் தயங்கிய அந்த நேரத்தில் சென்னகிருஷ்ணன் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டித் திருப்பத்துக்குள் போய்விட்டார்.

கரடி கத்தியதா, மனிதர் கத்தினாரா என்று முதலில் தெரியவில்லை. இரண்டும் ஒரே குரலாகக் கேட்டது.

தாய்க்கரடி. முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி உருண்டு விழுந்து புதருக்குள் ஓடியது. கரடி எழுந்து நின்று, சென்னகிருஷ்ணனின் முகத்தில் நகத்தை வைத்து ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தது. அவர் விழுந்தார். நெற்றித் தோல் புருவத்தோடு கிழிந்து கண்ணை மூடித் தொங்கியது. அது அவர் மேல் ஏறிக் கன்னத்தைக் கவ்வி உலுக்கியது. பல் எலும்பில் உரசுகிற சத்தம் ஆஞ்சப்பனுக்குக் கேட்டது.

கோவிந்தன் வந்த வழியே ஓடினான். மெஹபூப் பாஷா கூடையைக் கரடி மேல் வீசினார். சோறும் முட்டையும் சிதறியதே தவிர அது திரும்பவில்லை.

ஆஞ்சப்பன் இடுப்பிலிருந்து கொடுவாளை உருவினான். முதல் வெட்டு தோளில் விழுந்தது. மயிர் அடர்த்தியில் வழுக்கிற்று. கரடி தலையைத் திருப்பி அவன் இடது கையைக் கவ்வியது. மோதிர விரலும் சுண்டு விரலும் அதன் வாயிலேயே தங்கிவிட்டன. கட்டை விரல் அடிச்சதை கிழிந்தது. அவன் கையைப் பிடுங்கவில்லை. இன்னும் உள்ளே தள்ளி, அதன் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூக்கின் மேல் வெட்டினான். மூன்றாம் வெட்டில் மூக்குத் தண்டு பிளந்தது. கரடி அலறிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி அக்கரை ஏறியது. ஓடைத் தண்ணீர் பத்தடி நீளத்துக்குச் சிவந்து ஓடியது.

கோவிந்தன் திரும்பி வந்தான். சென்னகிருஷ்ணனின் முகத்தைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்திருந்த ஆஞ்சப்பனின் விலாவில் காலால் உதைத்தான்.

"வேணும்னே கூட்டியாந்து வுட்டடா நீ! அடிச்ச கோவத்துக்கு வுட்ட!"

இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது மெஹபூப் பாஷா அவன் சட்டையைப் பிடித்து மரத்தில் மோதினார். "ஓடிப்போன நாயி, நீ பேசாத! இவன் கையில ரெண்டு வெரலு போயிருக்குது பாரு. கண்ணு தெரியுதா?"

ஆஞ்சப்பனின் கம்பளியில் சென்னகிருஷ்ணனைக் கிடத்தி மூவரும் தூக்கினார்கள். இரண்டு மைல் ஒரு பர்லாங் தூரமும் ஆஞ்சப்பன் கூவிக்கொண்டே வந்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. சென்னகிருஷ்ணன் உயிர் பிழைத்தார். முகத்தில் நாற்பத்தொரு தையல். வலது கண் போயிற்று.

மார்ச் இரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, சரக ஆபீசில் விசாரணை. மெஹபூப் பாஷா நடந்ததை நடந்தபடி முன்பே சொல்லியிருந்தார். ரேஞ்சர் கதவைச் சாத்திவிட்டு, தாமே எழுதி வைத்திருந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். 'காவலாளி ஒவ்வொரு திருப்பத்திலும் வழக்கம்போல் சத்தம் கொடுத்தபடியே சென்றான். அப்படியிருந்தும் கரடி பாய்ந்தது. யார் மேலும் குற்றமில்லை.'

"பெரிய எடத்து மனுசன்பா. கண்ணு போயி கெடக்குறாரு. அவரு மேல பழி வேணாம், உன் மேலயும் வேணாம். கைநாட்டு வெய்யி. ஏப்ரல்ல நீ பர்மனன்ட்."

ஆஞ்சப்பன் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி நின்றான்.

"என்ன அடிச்சத எழுத வேணாம் சாமி. அத வுட்ருங்க. ஆனா நா சத்தம் குடுக்கலீங்களே."

"குடுத்தேன்னு சொல்லு. உனுக்கு என்ன நஷ்டம்?"

"சத்தம் குடுத்தும் கரடி வந்துச்சுன்னு சர்க்கார் காயிதத்துல இருந்துச்சுன்னா, நாளைக்கி வர்ற காவலாளி எதுக்குங்க தொண்டைய கிழிச்சிக்குவான்? சும்மா நடப்பான். சாவான்."

"சத்தம் போடலன்னு எழுதுனா உன் சீட்டு கிழிஞ்சிரும், தெரியுமா?"

"தெரியுதுங்க."

"உனக்கு நல்லது பண்ண வந்தேன் பாரு!" ரேஞ்சர் எழுந்தார். அவன் இடது கையை வெடுக்கென்று இழுத்தார். கட்டைப் பிரித்து, கட்டை விரலை மைப்பெட்டியில் அழுத்தி, அப்படியே காகிதத்தில் குத்தினார். காய்ந்திருந்த தையல் விட்டது. ரத்தம் பொங்கி மையோடு கலந்து எழுத்துகளின் மேல் பரவியது. ஆஞ்சப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், கையை இழுத்துக்கொள்ளவில்லை. கடைசி இரண்டு வரியும் தெரியாமல் போயின. அந்தக் காகிதம் எதற்கும் உதவாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

ரேஞ்சர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுக் காகிதம் எடுத்து, பல்லைக் கடித்தபடி வேகமாக எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார்.

'காவலாளி ஆஞ்சப்பன் திருப்பத்தில் சத்தம் கொடுக்கவில்லை. ஆகையால் கரடி விலகவில்லை, பாய்ந்தது.'

பிரம்பைப் பற்றியோ, வாயை மூடச் சொன்னதைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை.

"இப்ப திருப்தியா?"

ஆஞ்சப்பன் இன்னொரு முறை படிக்கச் சொன்னான். ரேஞ்சர் படித்தார். அவன் இடது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, வலது கட்டை விரலைத் தானே மைப்பெட்டியில் ஒற்றி, காட்டிய இடத்தில் நிதானமாக வைத்தான்.