பெட்டியில் 'வேணாம்' இல்லை

போன வியாழக்கிழமை வானகரம் பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜுக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வைவா. வேறு காலேஜ் வாத்தியார் வந்துதான் கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். முந்திரி பிஸ்கெட்டும் தருவார்கள்.

மூன்றாவதாக வந்தது இரண்டு பெண்கள். காது கேளாதவர்களுக்காக ஒரு மொபைல் ஆப் செய்திருந்தார்கள். ரிப்போர்ட்டின் கடைசியில் 'பயனாளர் கருத்து' என்று முப்பது படிவங்கள். முப்பதிலும் 'மிக நன்று' என்ற இடத்தில் டிக். எல்லாம் ஒரே பச்சை இங்க், ஒரே சாய்வு!

"ஏம்மா, முப்பது பேரும் ஒரே பேனாவை மாத்தி மாத்தி வாங்கி எழுதினாங்களா?"

ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி கொஞ்சம் துணிச்சல்காரி. "சார், ரிப்போர்ட் போன மாசமே பைண்டிங்குக்குப் போயிடணும்னு சொல்லிட்டாங்க. ஆப் ரெடியானதே போன வாரம்தான். எல்லா டீமும் இப்டித்தான் சார்..."

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திட்டுவது? கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் ஃபைனல் இயர்தான். நானும் டேனியலும் ஒரு டீம். 'பேச இயலாதோருக்கான யூசர் ஃப்ரெண்ட்லி தகவல் தொடர்புக் கருவி' — இதுதான் எங்கள் தலைப்பு. ஆள் எப்படியோ, தலைப்பு கம்பீரம். டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி, அதில் எட்டு பட்டன். அமுக்கினால் டேனியலின் குரல் பேசும். தண்ணி, சாப்பாடு, பாத்ரூம், வலி, ஃபேன், டிவி, கூப்பிடு... எட்டாவது, நன்றி.

'நன்றி' எங்கள் கைடு சொன்னது. வர்ற எக்ஸ்டர்னல் அசந்துபோவார் என்றார். நம்மூரில் எந்தப் புருஷன் பெண்டாட்டியிடம் நன்றி சொன்னான் என்று நாங்கள் யோசிக்கவில்லை. நமக்கு மார்க் போடப்போவது பெண்டாட்டியா என்ன?

டெஸ்ட் பண்ண ஆள் வேண்டுமே... டேனியலின் அப்பாவோடு ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர் ஞானராஜ் அங்கிள். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராமில் சின்னதாக வீடு கட்டிய மறு வருஷமே பக்கவாதம். பேச்சு போய்விட்டது. வலது கையும் காலும் வராது. நாம் பேசுவதெல்லாம் புரியும். வீட்டில் அவரும் மனைவி லூர்து ஆன்ட்டியும்தான். கட்டிலில் அவருடைய இடது கைக்கு எட்டுகிற மாதிரி பெட்டியை வைத்துவிட்டு வந்தோம்.

மூன்று வாரம் கழித்துப் போனால் ஆன்ட்டி முகத்தில் ஒரு தெளிவு.

"தம்பி, இப்பல்லாம் நான் மாடிக்குப் போயி துணி காயப் போடறேன்பா. கூப்பிடுன்னு உங்க டேனியல் கத்தறான், ஓடியாந்துடறேன். மின்ன இந்த ரூம வுட்டு நவுர முடியாது."

அங்கிள் எங்களைப் பார்த்து 'டிவி' பட்டனை அமுக்கினார். கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பாருங்கள் என்று அர்த்தமாம். ஆன்ட்டிதான் விளக்கினார்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒண்ணு மட்டும் பண்ணித் தர்றியா? ஃபேன் கேக்கறாரு, போடறேன். அப்பால குளுருது, நிறுத்துன்னு சொல்லத் தெரில. கஞ்சி போதும்னு சொல்ல ஒண்ணும் இல்ல. 'வேணாம்'னு ஒரு பட்டன் வையேன். அந்த நன்றிய எடுத்துடு. எனக்கு எதுக்குப்பா நன்றி?"

எவ்வளவு சின்ன வேலை தெரியுமா? பெட்டியைத் திறந்து, ஒரு வார்த்தையைப் புதிதாக ரெக்கார்ட் செய்ய வேண்டும். பத்து நிமிஷம்.

ஆனால் ரிப்போர்ட் பைண்டிங் ஆகிவிட்டதே! கறுப்பு அட்டை, தங்க எழுத்து, நாலு காப்பி. உள்ளே ஐந்தாவது அத்தியாயம், 'முடிவுகள்'. பெட்டியை அங்கிள் கண்ணிலேயே காட்டாத நாளில் நாங்கள் எழுதி முடித்த முடிவுகள். 'பயனாளர் அதிகம் பயன்படுத்திய பட்டன்: நன்றி' என்று கலர் கலராக ஒரு வரைபடம் வேறு. இப்போது நன்றியை எடுத்தால் வரைபடம் என்னாவது?

"அடுத்த வெர்ஷன்ல வெச்சிடலாம் ஆன்ட்டி" என்றேன். நான்தான் சொன்னேன். டேனியல் இல்லை.

வைவாவுக்கு முந்தின நாள் பெட்டியை எடுத்துவரப் போனோம். நான் வாசலில் ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன். டேனியல் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தான். திங்கட்கிழமை கொண்டு வந்து தருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தானாம். நான் ஆட்டோவை விட்டு இறங்கக்கூட இல்லை.

வைவாவில் எக்ஸ்டர்னல் நிஜமாகவே அசந்துபோனார். எங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட். பெட்டியை டிபார்ட்மென்ட்டில் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் முடிந்ததும் தருகிறேன் என்றார் கைடு. அதற்குள் எனக்குப் புனேயில் வேலை. டேனியல் துபாய் போனான். அவன் வாங்கிக் கொடுத்திருப்பான் என்று நான் நினைத்தேன், நான் கொடுத்திருப்பேன் என்று அவன். புனே போனதும் சிம் மாற்றினேன். அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை.

சென்னைக்குத் திரும்பியும் பதினோரு வருஷம் ஆகிறது. அம்பத்தூரில் இருந்துகொண்டு பட்டாபிராமுக்கு ஒரு ரயில் ஏற முடியாதா? முடியும். வெட்கம். வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை பார்த்த அந்தப் பச்சை டிக்குகள் இரண்டு நாள் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை காலை ஏறிவிட்டேன்.

அதே வீடு. ஆன்ட்டிக்கு எழுபது தாண்டியிருக்கும். பேரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். சுவரில் அங்கிள் போட்டோ, மாலை.

"எப்போ ஆன்ட்டி?"

"அது ஆச்சு, பன்னெண்டு வருசம். நீங்க வந்துட்டுப் போனப்பறம் ஆறு வருசம் இருந்தாரு."

ஆறு வருஷம். "எப்படிக் கூப்பிடுவாரு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"டம்ளரால கட்டில்ல தட்டுவாரு. கீழ வுழுந்துட்ச்சின்னா அவ்ளோதான்... நான் வந்து பாத்தாத்தான் உண்டு. துணியெல்லாம் அப்புறம் இந்த ரூமுலயே கொடி கட்டிக் காயப் போட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் ஒரு வாக்கியத்தை ஒத்திகையும் பார்த்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் அவர் தொடங்கிவிட்டார்.

"எல்லாம் என்னாலதான்பா. அன்னிக்கு டேனியல் பொட்டிய எடுக்க வந்தப்போ இவரு வுடல. இடது கையால கெட்டியா புடிச்சிகினாரு. புள்ளைங்க மார்க்கு போயிடுமேன்னு, நான்தான் வெரல் வெரலா பிரிச்சு எடுத்துக் குடுத்தேன். அப்பால ரெண்டு நாளு என் மூஞ்சியவே பாக்கல அவரு. பாவி நான், கொஞ்சம் யோசிச்சிருக்கக் கூடாது?"

"இல்ல ஆன்ட்டி, தப்பு எங்களுது..."

"உனக்கு இன்னா தெரியும்? நீ வெளிய ஆட்டோல இருந்தே. காபி குடி, ஆறிடப் போவுது."

குடித்தேன். வேறு என்ன செய்ய?

நான் செய்த தப்புக்குப் பதினெட்டு வருஷமாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறார் அந்த அம்மா. என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் ரயில் ஏறியதும் மறந்திருப்பேன்.