மாமா அளந்த ஏழு பாகம்

அக்காள் கையை விட்டுப் பந்து கிளம்பியதே, மட்டை பிடித்தவளுக்குப் பின்னால் அது போய் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் தெரியும். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் கண்ணால் பார்த்தவள். பூரணாங்குப்பத்துப் பள்ளிக்கூட வாசலில் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தினமும் பார்த்தவள். எனக்குப் பள்ளிக்கூடம் அந்த வாசல் வரைக்கும்தான். அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் தம்பியை யார் பார்ப்பது? வீட்டுக்கு ஒரு பெண் படித்தால் போதும் என்று முடிவாகியிருந்தது. அந்த ஒரு பெண் அக்காள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. உள்ளே உட்கார்ந்தவர்கள் அடி வாங்கினார்கள். நான் வெளியே நின்று கொடுக்காப்புளி தின்றேன்.

பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், ஆனால் முழுசாகப் போகவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்ட வருஷங்கள் அவை. கொடி மாறியிருந்தது. துணிக்கடையில் மீட்டர்க் கோல் மாறவில்லை. அந்தச் சமயத்தில்தான் கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டிரில் டீச்சர் எங்கள் ஊருக்கு வந்தார். கழுத்தில் விசில், காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. ஷூ போட்ட பெண்பிள்ளையை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. கிழவர்கள்கூட ஏதோ வேலை இருப்பது போலப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்து, அவர் காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர் கொண்டுவந்த ஆட்டத்துக்கு சாஃப்ட்பால் என்று பேர். பேர்தான் அப்படி, பட்டால் தோல் பழுத்துவிடும். ஒருத்தி கையைத் தாழ்த்தி இடுப்புக்குக் கீழிருந்து பந்தை வீசுவாள். எதிரே நிற்பவள் மட்டையால் அடித்துவிட்டு, நாலு மூலையில் நட்ட கழிகளைச் சுற்றி ஓடிவர வேண்டும். ஓடி வந்தால் ஒரு கணக்கு. மூன்று பந்தைத் தவறவிட்டால் அவள் ஆட்டம் முடிந்தது. டீச்சர் கொண்டுவந்த நிஜப் பந்து ஒரே வாரத்தில் உப்பங்கழித் தண்ணீரில் விழுந்து காணாமல் போனது. அப்போது மாமாதான் தேங்காய் நாரை உருட்டி, மேலே வலை நூலை இறுக்கிச் சுற்றி, இன்னொரு பந்து செய்து கொடுத்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சொந்தமாகக் கட்டுமரம் வைத்திருந்தார். அக்காளுக்கு முறை மாமன். அவள் தொட்டிலில் கிடந்தபோதே அவருக்கு என்று ஊர் சொல்லிவிட்டது. வேறு யாரும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அக்காளுக்கு வீசச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். டீச்சர் ஒரு தடவை காட்டிவிட்டுப் போனதை, அவர் தினமும் சாயங்காலம் கடற்கரையில் அவளுக்கு எதிரே மட்டை பிடித்து நின்று பழக்கினார்.

"மணிக்கட்டைச் சுண்டுடி! சட்டி வழிக்கிற மாதிரி இன்னா தடவிக்கினு இருக்கே?" என்று கத்துவார்.

"நீ மொதல்ல அடி மாமா, அப்புறம் பேசு" என்பாள் அக்காள். அவரால் அடிக்க முடியாது. மணலில் விழுந்து புரண்டு சிரிப்பார். அவ்வளவு சந்தோஷமான மனுஷனை நான் அப்புறம் பார்த்ததில்லை.

வீசுகிற கோட்டுக்கும் அடிப்பவளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று டீச்சர் அடிக்கணக்கில் சொன்னார். யாருக்கும் புரியவில்லை. மாமா ஒரு கயிற்றை எடுத்து, ஒரு நுனியை இடக்கையில் பிடித்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு பாகம், இரண்டு பாகம் என்று அளந்தார். கடலில் ஆழம் பார்ப்பது இப்படித்தான். ஆறு பாகத்தில் கோடு போட்டார். டீச்சர் தன் டேப்பை வைத்துப் பார்த்தார். சரியாக வந்தது. "உங்க கையிலயே டேப் இருக்கே!" என்று டீச்சர் சொன்னதை மாமா ஒரு மாசத்துக்கு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வில்லியனூரில் பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டு விழா வைத்தார்கள். அதற்குச் சில நாள் முன்னால் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா, நாங்கள் நைனா என்போம், வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"உங்க பொண்ணு ஜெயிச்சுட்டா, டவுன்ல போர்டிங்ல எடம் கேட்டு வாங்கித் தரேன். சாப்பாடு, துணி, படிப்பு எல்லாம் அங்கயே. பிற்காலத்துல என்னை மாதிரி டீச்சரா வந்துடுவா."

"ஷூ போட்டுக்குமா?" என்றார் நைனா.

"போட்டுக்கும்."

நைனா பின்னுகிற ஊசியை நிறுத்தவில்லை. "ஜெயிச்சா அனுப்பறேன். தோத்தா மறுநாள்லேர்ந்து அவ அம்மா கூடக் கூடை தூக்கணும். அதுக்கு மேல என்கிட்ட கேக்கக் கூடாது."

நைனா பேச்சு மாறாதவர். நல்லதிலும் சரி, கெட்டதிலும் சரி. அன்று ராத்திரி அக்காள் தன் பாவாடையை அலசிக் காயவைத்து, மடித்து, தலைக்கு வைத்துப் படுத்தாள்.

வில்லியனூருக்கு இரண்டு மாட்டு வண்டியில் போனோம். தம்பியும் நானும் மாமா மடியில். அரியாங்குப்பம் தாண்டும்போது அத்தை ஒருத்தி, வாய் சும்மா இருக்காதவள், ஆரம்பித்தாள்: "டேய், இன்னிக்கு ஜெயிச்சா உன் பொண்டாட்டி டவுனுக்குப் பூடுவா. டீச்சரம்மா ஆயிட்டா மீன் நாத்தம் புடிச்சவனையா கட்டிப்பா? இப்பவே வேற எடம் பாத்துக்கோடா!"

வண்டியே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அக்காள் திரும்பாமலே, "மாமாவுக்கு எவ கெடைப்பா, சுறா மீனுதான் கெடைக்கும்" என்றாள். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாமா அப்புறம் வில்லியனூர் வந்து சேரும்வரை பேசவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. அவர் தோளில் சாய்ந்து தூங்கினேன்.

மேரி என்று சொல்கிற கொம்யூன் ஆபீசுக்கு எதிரே இருந்த திடலில் ஆட்டம். வில்லியனூர்ப் பெண்கள் கடைத்தெருப் பெண்கள். நல்ல சாப்பாடு சாப்பிட்ட உடம்பு, ஒவ்வொருத்தியும் எங்கள் பெண்களைவிட ஒரு தலை உயரம். சடையில் சிவப்பு ரிப்பன். கோப்பை வாங்கிக் கொடுத்த மளிகைக் கடை முதலாளியின் மகள்தான் அவர்களுக்குத் தலைவி. டீச்சர் தன் டேப்பை வைத்துக் கோடு போட்டார். முதல் பாதியில் அக்காள் வீசியதில் ஒரு பந்தைக்கூட அவர்கள் தொடவில்லை. முதலாளி மகள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து அவளைத் தாண்டிப் போய்விடும். காற்றை அடித்துவிட்டு அவள் ஒரு சுற்று சுற்றி விழுந்தாள். நான் எம்பி எம்பிக் குதித்ததில் தம்பி அழுதான்.

இடைவேளையில் அக்காள் கூட்டம் வேப்பமரத்தடியில் தண்ணீர் குடிக்கப் போனது. முதலாளி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு திடலுக்குள் வந்தார்.

"இன்னாம்மா இது? பந்து கண்ணுக்கே தெரியல. இதுக்கு எதுக்கு ரெண்டு பக்கமும் இத்தினி பொண்ணுங்க? அந்த ஒரு பொண்ண நிக்க வெச்சிட்டு மத்தவங்கள வூட்டுக்கு அனுப்பிடலாமே!"

ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் கூடச் சேர்ந்துகொண்டார். கடலூர்க்காரர்களின் அடிக்கணக்கு இங்கே செல்லாது, இங்கே எல்லாம் மீட்டர்தான், அந்த டேப்பே தப்பு என்றார். சுற்றி நின்றவர்கள் பாதிப் பேர் அடி என்றார்கள், பாதிப் பேர் மீட்டர் என்றார்கள். எதற்காகச் சண்டை ஆரம்பித்தது என்பதே மறந்துபோகிற அளவுக்குக் கத்தினார்கள்.

டீச்சர் நியாயமானவர். அதுதான் அவரிடம் இருந்த கஷ்டம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் சொல்றதும் சரிதான்" என்றார். "கோடு கிட்ட இருந்தா எறியறவ ஆட்டம். ரொம்ப எட்டப் போனா அடிக்கிறவ ஆட்டம். ரெண்டு பேருக்கும் ஆட்டம் இருக்கணும். ஒரு பாகம் மட்டும் பின்னாடி தள்ளிக்கலாம். ஏழு பாகம். அதுலயும் எங்க பொண்ணு சமாளிப்பா."

"அவங்க ஆளே அளக்கட்டும்" என்றார் முதலாளி. "அப்புறம் நாங்க ஏமாத்திட்டோம்னு பேச்சு வரக் கூடாது."

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். நியாயம் என்றால் அதைவிட நியாயம் வேறு உண்டா? எங்கள் ஆள், எங்கள் கயிறு, எங்கள் கை.

மாமா கயிற்றை வாங்கி அளந்தார். எனக்கு அது அத்தனை பிடித்திருந்தது. கடற்கரையில் அளந்தது போலச் சும்மா விரிக்கவில்லை. நெஞ்சைத் தூக்கி, தலையைப் பின்னால் சாய்த்து, கால் பெருவிரலில் எம்பி, கயிற்றை விரல் நுனியில் பிடித்து, கைகளை எவ்வளவு போகுமோ அவ்வளவு விரித்தார். கை மாற்றும்போது கயிறு கொஞ்சம் நழுவி ஓடியது. இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னால் மாமா நமக்காக எப்படி வேலை செய்கிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் கை தட்டினேன். என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள்.

அக்காள் வந்து புதுக் கோட்டில் நின்றாள். எதிரே பார்த்தாள். "மாமா, ரொம்ப எட்ட இருக்குற மாதிரி இருக்குதே" என்றாள்.

"ஆழம் பாக்குற கைடி இது. தப்புமா?" என்றார் மாமா.

அதற்கு மேல் டீச்சர் டேப்பை எடுத்தால் எங்கள் ஊர் ஆளை நம்பவில்லை என்று ஆகும். அவர் எடுக்கவில்லை.

அந்தத் தூரத்திலிருந்து அக்காளின் பந்து வழியிலேயே மூச்சு வாங்கியது. போய்ச் சேரும்போது, அடி என்று நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. உயரமான பெண்கள் நிதானமாகப் பார்த்து அடித்தார்கள். ஒரு பந்து ஆபீஸ் சுவரைத் தாண்டிப் போனது. அக்காள் இன்னும் வேகமாக வீசப் பார்த்தாள். பந்து தாறுமாறாகப் போனது. தோளைப் பிடித்துக்கொண்டே கடைசி வரை வீசினாள். அவர்கள் பக்கத்தில் வீசியவள் மெதுவாகத்தான் வீசினாள். எங்கள் பெண்கள் அதை அடிக்கவும் செய்தார்கள். ஆனால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் அந்தக் கைகளுக்குப் பந்து பத்தடிதான் போனது. தோற்றோம். கோப்பை கடைத்தெருவுக்கே திரும்பிப் போனது.

மறுநாள் அக்காள் கூடை தூக்கினாள். சில வருஷம் கழித்து மாமாவைக் கட்டிக்கொண்டாள். மாமா குடிக்காதவர், அவளை ஒரு நாளும் அடிக்காதவர். கொடுத்துவைத்தவள் என்று ஊர் சொன்னது. அவர் கரையேறும் நேரத்துக்குச் சோறு தயாராக இருக்கும். அவர் எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அன்று திரும்பி வரும்போது மாமா எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அவர் முன் வண்டியில் ஏறிக்கொண்டார். அக்காள் பின் வண்டியின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா கயித்த எப்படி அளந்துச்சு? நீ பாத்தியா?"

"கிட்ட நின்னு பாத்தேன்."

"செஞ்சு காட்டு."

ஓடுகிற வண்டியில் எழுந்து நின்றேன். நெஞ்சைத் தூக்கி, தலையைச் சாய்த்து, விரலில் எம்பி, கையை விரித்தேன். கயிறு நழுவுவதையும் சரக்கென்று காட்டினேன். மற்ற பெண்கள் அழுத கண்ணோடு சிரித்துவிட்டார்கள்.

"இன்னொரு தபா செய்டி" என்றாள் அக்காள்.

இன்னும் நன்றாகச் செய்தேன். அக்காள் என் இரண்டு கையையும் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். "போதும்" என்றாள். அவ்வளவு நன்றாக நடித்ததற்கு எனக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று தோன்றியது. அவள் மடியில் தொடாமல் கிடந்த ஜிலேபியைக் கேட்டேன். உடனே கொடுத்துவிட்டாள். அவளுக்கு இனிப்புப் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, விரலை நக்கி நக்கி ஊர் வந்து சேரும்வரை தின்றேன்.