பக்கிரிசாமியின் பூக்குச்சி

பினாங்குத் துறைமுகத்தில் பக்கிரிசாமிக்குத் தொங்காங் வேலை. கப்பலில் இருந்து மூட்டைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் பெரிய படகுதான் தொங்காங். 1933-ல் ஒருநாள் ஈரக் கயிறு அவருடைய வலது கையைக் கப்பிக்குள் இழுத்துவிட்டது. எலும்பு கூடியது, விரல்கள் பழையபடி மடங்கவில்லை. தோளும் மரக்கட்டையாய் இறுகிப்போயிற்று.

"கை சரியானா வாப்பா" என்று அனுப்பிவிட்டார், ஆட்களுக்குத் தலைவரான தண்டல் சீனி முகம்மது.

பக்கிரிசாமிக்கு வேறு வேலை தெரியாது. நாற்பத்திரண்டு வயதுக்கு மேல் யார் கற்றுக்கொடுப்பார்கள்?

கடற்கரைத் திடலில் ஒரு சீன மருந்துக்காரர், கூட்டம் சேர்ப்பதற்காகக் குச்சியாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கையிலும் ஒரு சிறு குச்சி. அவற்றால் தட்டித் தட்டி, இரு முனையிலும் துணிப்பூ கட்டிய மூன்றாவது குச்சியைக் கீழே விழவிடாமல் காற்றிலேயே வைத்திருந்தார். பக்கிரிசாமி மறுநாளே பிரம்பு வெட்டி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, கிழிந்த கைலித் துணியில் பூக்கள் செய்தார்.

"கைதான் போச்சு, புத்தியும் போச்சா?" என்றாள் மனைவி ருக்குமணி.

"சும்மா இருலா. மணிக்கட்டு அசையுது பாரு."

முதல் மாதம் குச்சி விழுந்துகொண்டே இருந்தது. குனிந்து குனிந்து எடுத்ததில் இடுப்புப் பிடிப்பு விட்டது. மூன்றாம் மாதம் தோள் இளகி, கை காதுக்கு மேல் போயிற்று. சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொண்டார். குச்சி மேலே சுழலும்வரை எந்தக் கவலையும் கிட்டே வராது. இரவில் தூக்கமும் வந்தது. திட்டிய ருக்குமணியே வாசலில் நின்று, "இருநூறு தட்டு தாண்டிருச்சு!" என்று சிரித்தாள்.

எட்டாம் மாதம், படகில் கூட வேலை செய்த வாசு தண்டலிடம் போய்ப் பேசினான். "நம்ம அண்ணனுக்குக் கை நல்லாயிருச்சு பாய். நான் பொறுப்பு."

மூட்டைகள் தொங்கிவரும் வலை ஆடாதபடி கயிறு பிடிக்கும் வேலையைத் தண்டல் கொடுத்தார். நான்கு வலைகள் நல்லபடியாய் இறங்கின. ஐந்தாவது வரும்போது ஓர் அலை படகைத் தூக்கியது. வலை ஊசலாடியது. இறுக்கிப் பிடிக்க வேண்டிய நேரம். பக்கிரிசாமியின் கையோ கயிற்றை லேசாகத் தட்டிவிட்டு விரிந்தது. பூக்குச்சியை ஒருபோதும் பிடிப்பதில்லை. தட்டுவதும் விடுவதும்தான் ஆட்டம். எட்டு மாதமாக அந்தக் கை பழகியது அதைத்தான்.

வலை வாசுவை இடித்துக் கடலில் தள்ளியது. மேலே இழுத்தபோது அவன் இடது தோள் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னய்யா பண்ணே?"

"விட்டுட்டேன் பாய்... தெரியாம விட்டுட்டேன்."

"குச்சி விழுந்தா குனிஞ்சு எடுத்துக்கலாம். மூட்டை விழுந்தா ஆளைலா எடுக்கணும்!" தண்டலின் குரலில் கோபம்கூட இல்லை. "இனிமே வராதே பக்கிரி."

வாசு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். "பரவால்லண்ணே" என்று அவன் சொல்வான் எனப் பக்கிரிசாமி காத்திருந்தார். அவன் கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டில் ருக்குமணி நடந்ததைக் கேட்டுவிட்டு மூலையில் கிடந்த பூக்குச்சியை எடுத்தாள்.

"குச்சியை அடுப்புல போட்டுரவா?" என்றாள்.

"போட்டா மட்டும் விரல் மடங்குமா?"

மறுநாள் விடியலில், துறைமுகத்துக்குப் போகிறவர்களின் பேச்சுக்குரல் சந்தில் கேட்டது. பக்கிரிசாமி எழுந்து உட்கார்ந்தார். யாரோ வாசுவின் தோளைப் பற்றிப் பேசினார்கள். அவர் வாசலருகே வந்ததும் பேச்சு நின்றது. காலடிகள் மட்டும் கடந்து போயின.