பரபாஸைக் கூட்டிப்போன போலீஸ்

எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்தில் திருடன் வேஷம் போடுகிறவன்கூட நாற்பது நாள் யோக்கியனாக இருந்தாக வேண்டும். தவக்காலம் தொடங்கும் புதன்கிழமையன்று, நடிக்கிறவர்கள் எல்லோரும் கோயில் பீடத்துக்கு முன்னால் நின்று, குடிப்பதில்லை, கறி தின்பதில்லை, சவரம் செய்வதில்லை என்று சத்தியம் செய்வார்கள். யேசுவுக்கும் அதே சட்டம், யூதாசுக்கும் அதே சட்டம். மீறினால் வேஷம் போய்விடும். என் சித்தப்பாவுக்குப் பரபாஸ் வேஷம், அதாவது யேசுவுக்குப் பதிலாக விடுதலையாகிற திருடன். மேடையில் மூன்று நிமிடம் நின்று உறும வேண்டும், அவ்வளவுதான். அந்த மூன்று நிமிடத்துக்காக அவர் வளர்த்த தாடியைப் பார்த்துத் தெரு நாய்கள் குரைத்தன.

அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி மூன்று மாதம் ஆகியிருந்தது. வளர்ப்பதற்குத் தாடியாவது இருக்கிறதே என்று அப்பா கிண்டல் செய்வார். சித்திக்கு அந்தக் கிண்டல் பிடிக்காது.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரு சனிக்கிழமை காலையில், நாடகத்துக்கு ஜிகினாத் தாள் வாங்க டவுனுக்குக் கிளம்பியவர் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வழியில் இருக்கிற கரிக்கலாம்பாக்கத்தைத் தாண்டிவிட்டால் எனக்குச் சந்தோஷம் தாங்காது. ஆனால் டவுன் கடைத்தெரு அப்படியொன்றும் சந்தோஷமான இடமல்ல. சாராயக்கடை வாசலில் காலையிலேயே நாலு பேர் விழுந்து கிடப்பார்கள். இன்னும் நாலு பேர் போகிற வருகிற பெண்களிடம் வம்பு பேசுவார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போனால் அம்மா அந்த இடத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

சித்தப்பா அந்தக் கடைக்கு எதிரிலேயே வண்டியை நிறுத்தினார். என்னை வண்டிமேல் உட்காரவைத்து, கையில் இரண்டு கமர்கட்டைத் திணித்தார்.

"குந்தினு இரு பாப்பா. எங்கியும் போவாத. தோ வந்துர்றேன்."

கடையை மறைத்து ஒரு ஓலைத் தட்டி கட்டியிருந்தார்கள். தட்டிக்குக் கீழே வரிசையாகக் கால்கள் தெரிந்தன. அதில் சித்தப்பாவின் செருப்பும் இருந்தது. ஒரு வார் நீலம், மற்றது அறுந்துபோய் மாற்றிய கறுப்பு. நான் முதல் கமர்கட்டைத் தின்று முடிப்பதற்குள் தெருக்கோடியில் ஒரே கூச்சல். ஒரு அம்மாளின் கழுத்துச் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். கூட்டம் கூடியதும் சித்தப்பா வேகமாக வந்தார், வண்டியைக் கிளப்பினார். வாயில் கிராம்பு வாசனை. வழியெல்லாம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"வூட்ல சொல்லாத, இன்னா?"

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்ததும் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் தெருவில் நின்று சித்தப்பாவைக் கூப்பிட்டார். சங்கிலி அறுத்தவனுக்குத் தாடி, பரட்டைத் தலை. அதே நேரத்தில் அதே மாதிரி ஓர் ஆள் அவசரமாக வண்டியைக் கிளப்பியதைக் கடைக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்றுதான் சொன்னார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அப்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மத்தியானம் வரை ஆள் திரும்பவில்லை. எந்தக் கடையில் நின்றாய் என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாராம், இப்படியே இருந்தால் கேஸ் எழுதிவிடுவார்களாம் என்று செய்தி வந்தது. அப்பாவுக்குச் சட்டென்று என் நினைவு வந்தது. கூடப் போன பிள்ளை சாட்சி சொன்னால் தீர்ந்தது என்று என்னையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். சித்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார், வெகு நேரம் கழித்துத்தான் வந்தார். வந்தவர் சித்தப்பா பக்கமே திரும்பாமல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பாப்பா கூடவே இருந்துது சார். கேட்டுப் பாருங்க," என்றார் அப்பா.

இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார். "சித்தப்பா உன்கூடவே இருந்தாராம்மா?"

பொய் சொன்னால் பாவம். நிஜத்தைச் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். மூலையில் தரையில் உட்கார்ந்திருந்த சித்தப்பா, சொல்லாதே என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார்.

"இல்ல சார். நா வண்டி மேல குந்தினு இருந்தேன்."

அப்பாவின் முகம் செத்துவிட்டது. புள்ளைய வண்டில குந்த வெச்சிட்டுத் திருடுறது புது டெக்னிக்கா இருக்கே என்றார் ஏட்டு. திருட்டு என்ற சொல்லைக் கேட்டதும் என் வாக்கெல்லாம் பறந்துவிட்டது.

"சித்தப்பா திருடல. சாராயக்கடைல இருந்தாரு. தட்டி கீழ செருப்பு தெரிஞ்சிது."

ஏட்டு செருப்பைப் பார்த்தார், ஒரு வார் நீலம், ஒரு வார் கறுப்பு. உடனே கடைக்கு ஆள் போய், சாராயம் ஊற்றுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்தது. அவருக்குச் சித்தப்பாவை நன்றாக நினைவிருந்தது.

"தெருவுல கூச்சல் கேட்டப்ப எங்கிட்டதான் சார் நின்னுனு இருந்தாரு. கிளாசக் கையில வாங்கி, சிலுவ போட்டுட்டுக் குடிச்சாரு. அப்புடி யாரு குடிக்கிறா? அதான் மறக்கல."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னாய்யா கேடு?" என்றார்.

"சொன்னா வேஷம் பூடும் சார்."

ஸ்டேஷனே சிரித்தது. சித்தி மட்டும் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். குடித்த குட்டு உடைந்ததற்குத்தான் அழுகிறார், எல்லாம் என்னால்தான் என்று நான் நடுங்கிப்போனேன். சித்தியோ என்னை வாரியெடுத்து, மூச்சு முட்டுகிற அளவுக்கு இறுக்கிக்கொண்டார். எட்டு வயதுப் பிள்ளையை வழி முழுக்க இடுப்பில் தூக்கிவந்தார். எனக்கும் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. (வேஷமும் போகவில்லை. கோயில் சாமியார் வாய்க்கு வந்தபடி திட்டினார், ஆனால் மிச்சமிருந்த இரண்டு வாரத்தில் அந்தத் தாடியை வேறு யார் வளர்க்க முடியும்?)

வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே காலை வைக்க இடமில்லை. சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது. அரிசிப் பானையை யாரோ கவிழ்த்திருந்தார்கள்.

"போலீசு வந்து தேடுனாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா. போயி மூஞ்சக் கழுவு," என்றாள் அம்மா.

போலீஸ்காரர் தெருவோடு போனவர், வாசற்படி ஏறவேயில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைசியாக வந்தது சித்திதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றும் விளங்கவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சித்திக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு கையாலும் அள்ளிப் பானையில் போட ஆரம்பித்தார்.

"கெடச்சிதா?" என்றார்.

"இல்ல," என்றார் சித்தி.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சித்தப்பாதான் முதலில் சிரித்தார். சித்தி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் கொண்டுபோய் முடித்தார். வீட்டில் ஏதோ முக்கியமான சாமான் காணாமல் போய்விட்டது, பாவம், இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அவர்களுக்கு உதவியாக, கட்டிலுக்கு அடியில் ரொம்ப நேரம் தேடினேன்.