ஐந்தாவது புள்ளி

என் கணினியில் இரண்டு போர்விமான விளையாட்டுகள் இருக்கின்றன. இரண்டிலும் எங்கெங்கோ இருப்பவர்கள் இணையம் வழியாக வந்து மோதுவார்கள். முதலாவதில் ஒவ்வோர் எதிரி விமானத்தின் மேலும் சிவப்பு எழுத்தில் பெயரும் தூரமும் மிதக்கும். நம் விமானத்தை வெளியில் நின்றே பார்க்கலாம். பின்னால் வருபவனும் தெரிவான். பல்லுள்ளவனுக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டுவது போல. ஆறு நாள் ஆடினேன். குமட்டியது.

இரண்டாவதில் விமானி அறையை விட்டு வெளியே வர முடியாது. எதிரி என்பது ஒரு புள்ளி, கடுகளவுகூட இல்லை. இடம், பின், வலம், மேல் என்று பார்வையைத் திருப்பித் திருப்பி எண்ண வேண்டும். தெப்ராவ் தொழிற்சாலையில் இருபத்தொன்பது ஆண்டுகள் மின்பலகைகளில் பழுது தேடியவன் நான். அங்கே என்னோடு வேலை செய்து, இப்போது கோத்தா திங்கியில் இருப்பவர்தான் என் கூட்டாளி. சுடுவது அவர், எண்ணிச் சொல்வது நான். ஆனால் அந்த மாதம் இரண்டு முறை தப்பாக எண்ணிவிட்டேன்.

"இன்னொரு தடவ தப்புச்சுன்னா பேரு போட்ட கேமுக்கே போயிருவோம்ணே," என்று சொல்லியிருந்தார்.

ஞாயிறு பிற்பகல், ஆளுக்கொரு விமானத்தில், காதில் மாட்டிய கருவியில் பேசிக்கொண்டே கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தோம்.

"எத்தனண்ணே?"

"நாலு இடது பக்கம். இரு, அஞ்சு. அஞ்சாவது வலது பக்கம் மேல. அசையாம நிக்கிறான்."

"ஏரோப்ளேன் எப்படிண்ணே நிக்கும்? பஸ்ஸா அது?"

"நேரா நம்மள நோக்கி வர்றான்லா. அதான் அசையாத மாதிரி தெரியுது."

அது பாடப்படி சரி. அவர் நம்பி வலப்பக்கம் ஏறினார். முதுகு அந்த நால்வருக்கும் தெரிந்தது. ஏழு வினாடியில் அவர் விமானம் எரிந்தது.

"அலமாக்! அங்க யாருமே இல்லையேண்ணே!"

நான் பார்வையை இடப்பக்கம் திருப்பினேன். ஐந்தாமவன் கூடவே வந்தான். கடல்மேல் நின்றான். கீழே பார்த்தேன், என் வேகமானியின் மேலேயே உட்கார்ந்தான். விரலை வைத்தேன். திரையில் காய்ந்து ஒட்டிய பல்லி எச்சம். நகத்தால் சுரண்டினேன். நகத்தையும் கண்ணையும் ஒருசேர வெறுத்தேன்.

மேகத்தில் மறைந்துவிட்டான் என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொன்னேன். பதினேழு வினாடி சிரித்தார்.

"பேரு போட்ட கேமுல பல்லி பீக்கு மேல பேரு வராதுண்ணே. அங்கயே போலாம்."

மறுநாள் போனோம். வானம் முழுக்கச் சிவப்பு எழுத்து, பசார் மாலாம் இரவுச் சந்தையின் விளக்குப் பலகைகள் போல. திரும்பிப் பார்க்க ஒன்றுமில்லை. இருந்தாலும் எண்ணினேன்.

"பதினொன்னு," என்றேன்.

"தெரியுதுண்ணே," என்றார்.