பழகிய விஷம்

என் தம்பி குளவி கொட்டிச் செத்தான். மலைக்குக் கீழே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். குளவி கொட்டி யாராவது சாவார்களா என்று ஒருவர் கேட்டே விட்டார்.

மலைமேல் வளப்பூர் நாடு என்னும் பகுதியில் எங்களுக்கு மரங்களில் படரவிட்ட மிளகுக்கொடிகள் உண்டு. ஏணி போட்டு ஏறித்தான் பறிக்க வேண்டும். கொடிக்குள் குளவிக்கூடு மறைந்திருக்கும். போன வருடம் முதன்முறையாக அவனைக் கொட்டியது. கை வீங்கியது, சுண்ணாம்பு தடவினோம், வற்றிவிட்டது. அதோடு அவனுக்கு விஷம் பழகிவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். கொட்டு வாங்கியவனைத்தான் கூடு உள்ள மரத்தில் முதலில் ஏற்றுவது எங்கள் வழக்கம். பெருமையில் அவனுக்கும் தலைகால் புரியவில்லை.

இந்த வருடம் ஏறினான். ஒரே ஒரு குளவி, கழுத்தில். சிரித்துக்கொண்டே இறங்கியவன் ஏணியடியில் உட்கார்ந்துவிட்டான். உடம்பெல்லாம் தடித்தது, உதடு வீங்கியது.

"அக்கா, தொண்டை அடைக்குது. மூச்சு உட முடியல."

ஜீப்பில் ஏற்றினோம். அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில், என் மடியிலேயே போய்விட்டான்.

கீழே மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முதல் கொட்டிலேயே உடம்பு அந்த விஷத்துக்கென்று எதிர்ப்பொருளைச் செய்துவிட்டதாம். கவட்டைக் குச்சி போன்ற வடிவம் அதற்கு. தோலிலும் தொண்டையிலும் உள்ள சில காவல் செல்களின் மேல் குழி போன்ற ஏற்பிகள் இருக்கின்றன. குச்சியின் காம்பு அவற்றில் செருகிக்கொள்ள, கவட்டை வெளியே நீட்டியபடி காத்திருக்கும். விஷம் மறுபடி வந்து கவட்டைகளைச் சேர்த்துப் பிடித்ததும், செல் தன்னிடம் உள்ள இரசாயனத்தை எல்லாம் ஒரேயடியாகக் கொட்டிவிடும். இரத்த அழுத்தம் விழும், தொண்டை அடைக்கும். உடனே ஓர் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். அவன் உடம்பு அந்த முதல் விஷத்தை மறந்திருந்தாலே பிழைத்திருப்பானே என்று எனக்கு வயிறெரிந்தது.

ஊரில் சொல்லிப் பார்த்தேன். அவன் விதி என்று வாயை அடைத்தார்கள்.

போன வாரம் என்னைக் கொட்டியது. எனக்கு அதுதான் முதல் கொட்டு. கை வீங்கி வற்றிவிட்டது. பக்கத்து மிளகுக்காட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"இனி உங்களுக்குப் பயமில்லீங்க அக்கா. மேக்காட்டு மரத்துல கூடு இருக்குது. நீங்களே முன்னாடி ஏறிருங்க."

தம்பியின் பாடைக்குத் தோள் கொடுத்தவர் அவர்.